“வலிக்கலப்பா” என்றாள் என் மகள்

கோவிட் கட்டுப்பாடுகள் எல்லாம் தளர்ந்து, கோயில் மண்டபங்களில் மறுபடியும் பந்தி போட ஆரம்பித்திருந்த நேரம். மலாக்கா மாநிலத்து மெர்லிமாவில், தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் உள்ள கோயில் மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகளுக்கு வளைகாப்பு நடந்தது. நடந்திருக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுங்கை ஊடாங் பக்கம் ஓர் ஆலையின் ஸ்டோரில் முப்பத்தோரு வருடம் பொருள் எண்ணிக் கொடுத்தவன் நான். போல்ட்டு, வால்வு, கையுறை என்று எது வெளியே போனாலும் என் விரல் படாமல் போகாது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் மின்விசிறி எத்தனை, அதில் ஓடாதது எத்தனை என்று கண் தானாக எண்ணும். எண்ணியதை வாய் சும்மா வைத்திருக்காது. குடும்பத்தில் எனக்கு ‘ஸ்டோரு’ என்றுதான் பெயர். “ஸ்டோரு ஆரம்பிச்சிட்டாரு” என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கும் அது பழகிவிட்டது.

மகளும் மருமகனும் மஸ்ஜித் தானாவில் இருக்கிறார்கள். மருமகனுக்கும் சுங்கை ஊடாங்கில்தான் ஷிப்டு வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டு தடவை உண்டாகி மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையைக் கழுவி அனுப்பினார்கள். அந்த ஒன்பது வருடத்தில் சொந்தக்காரப் பெண்கள் எத்தனை பேருக்கோ வளைகாப்பு நடந்தது. ஒரு வீட்டில், வளையல் போட வரிசையில் நின்ற என் மகளிடமிருந்து தட்டை வாங்கி, “நீ அப்புறம் போடலாம்மா” என்றாள் ஓர் அம்மாள். அந்த அப்புறம் வரவில்லை.

ஆகவே, இந்த முறை மூன்று மாதம் தாண்டி நாலு, ஐந்து என்று போனபோது எங்கள் இரண்டு வீட்டிலும் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

ஐந்தாம் மாத ஸ்கேனில்தான் முதலில் சொன்னார்கள். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது. இங்கே மலாயில் அதை ‘ஊரி’ என்பார்கள். பயப்பட வேண்டாம், கர்ப்பப்பை வளர வளரப் பெரும்பாலும் அது மேலே போய்விடும், மறுபடி பார்ப்போம் என்றார்கள். மறுபடி பார்த்தார்கள். போகவில்லை. ஏழாம் மாதம் பிறந்ததும் ஒரு நாள் காலை, மகள் எழுந்து பார்த்தால் படுக்கை விரிப்பில் இரத்தம். வலி கொஞ்சமும் இல்லை. மருமகன் உடனே மலாக்காவிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். இரத்தம் தானாக நின்றது.

பெரிய டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. என்னையும் என் மனைவியையும் மருமகனையும் அவர் அம்மாவான சம்பந்தியம்மாளையும் உட்கார வைத்து மலாயில் நிதானமாக விளக்கினார். குழந்தை வெளியே வரும் வாசலை ஊரி முழுசாக மூடிக்கொண்டிருக்கிறது. மாதம் ஏற ஏறக் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி விரியும். விரியும்போது ஊரி பிய்ந்து இரத்தம் கொட்டலாம். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு தடவை கழுவிய கர்ப்பப்பை என்பதால் ஊரி தசைக்குள் வேர்விட்டிருக்குமோ என்ற சந்தேகமும் ஸ்கேனில் இருக்கிறது. குழந்தையின் நுரையீரலுக்கு ஊசி போட்டாயிற்று. இனி குழந்தை வளரும்வரை இவள் இந்த வார்டிலேயே படுத்திருக்கட்டும், நாங்கள் நாள் குறித்து, இரத்தம் தயாராக வைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்கிறோம் என்றார்.

கடைசியாக அவர் சொன்னதுதான் முக்கியம். “வலிக்காது. அதுதான் ஆபத்து. வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.”

எத்தனை பை இரத்தம் எடுத்து வைப்பீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் மருமகன் என் கையை அழுத்தினார். “போதும்லா மாமா.”

இரத்தம் வருவதற்கு முன்பே மண்டபம் எடுத்தாயிற்று. பத்திரிகையும் கொடுத்தாயிற்று. ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளலாம் என்றால், அதற்குள் ஆபரேஷன் வந்துவிடும். ஏழாம் மாதத்தை விட்டால் வளைகாப்பே இல்லை. சொந்தப் பொறுப்பில் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரியில் வெளியே விடுவார்கள் என்று யாரோ சம்பந்தியம்மாளிடம் சொல்லியிருந்தார்கள்.

“காலையில கூட்டிட்டு வந்து சாயந்தரம் கொண்டுபோயி விட்ருவோம்” என்றார் அந்த அம்மாள். “அங்க கட்டில்ல படுத்திருக்கா. இங்க நாற்காலியில ஒக்காரப் போறா. அவ்ளோதானே?”

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. மகள் முகத்திலும் நல்ல களை வந்திருந்தது. இரத்தம் நின்று பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த அம்மாளையும் நான் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். ஒன்பது வருடம் ஊராரின் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர் அவர்.

சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டு முன்னால் சமையல்காரர், என் மனைவி, சம்பந்தியம்மாள் எல்லாரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மண்டபத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். வந்ததும் வராததுமாகச் சொன்னேன்.

“நாற்காலி நூத்தி அறுவதுதான் இருக்கு, பத்தாது. அடுப்புக்கு கேஸ் தோங் ஒண்ணுதான் வெச்சிருக்கீங்க. லாரிய கேட்டுக்கு முன்னால நிறுத்தாதீங்க, ஒரு வண்டி வெளிய போக முடியாது. மழை வந்தா பின்பக்கம் ஒழுகும். புள்ளைய ஆஸ்பத்திரிய விட்டு வெளிய கொண்டாரக் கூடாது. வாழை இலை கிழிஞ்சிருக்கு.”

“முடிஞ்சுதா?” என்றாள் என் மனைவி. “காப்பி ஆறுது, குடிங்க.”

சமையல்காரர் சிரித்தார். “அண்ணன் கணக்குல நான் பாஸா பெயிலா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் காப்பியைக் குடித்தேன்.

சொன்னேனா என்றால், சொன்னேன். ஐந்தாவதாகச் சொன்னேன். ஒழுகும் கூரைக்கும் கிழிந்த இலைக்கும் நடுவில், அதே குரலில் சொன்னேன்.

இருட்டியதும் வார்டில் இருந்த மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வர வேண்டாம், டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். “ஒரே ஒரு நாள்பா. இத்தனை வருசம் மத்தவங்களுக்குச் சந்தனம் பூசியிருக்கேன்” என்றாள். சரிம்மா, பத்திரமாக வா என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் மருமகன் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்தார். அரக்குச் சிவப்பில் பட்டுச்சேலை. கழுத்து நிறைய மாலை. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். கை வீங்கியிருந்ததால் கண்ணாடி வளையல் ஏறவில்லை. சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அதைத் தடவித்தான் ஏற்றினார்கள். ஒற்றைப்படையில் வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். “எண்ணுற வேல ஸ்டோருக்கு” என்று என்னைக் கூப்பிட்டார்கள். எண்ணினேன். இடக்கையில் இருபது, வலக்கையில் இருபது. சம்பந்தியம்மாள் இன்னொன்றை எடுத்து வலக்கையில் அழுத்தி ஏற்றினார். நாற்பத்தொன்று. கைதட்டினார்கள்.

நான் விலகி நிற்பதற்குள் மகள் என் வேட்டி நுனியைப் பிடித்தாள். குனிந்தேன்.

“அப்பா, சேல நனஞ்சிருக்கு.”

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. சோப்புத் தண்ணீர் என்று நினைத்தேன்.

“அடியில நனஞ்சிருக்குப்பா. வலிக்கலப்பா.”

சேலையும் சிவப்பு என்பதால் ஒன்றும் தெரியவில்லை. நான் நிமிர்ந்து, வண்டியை எடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் என் நினைவு. ஆனால் நாற்காலி பத்தவில்லை என்று கால் மணி நேரத்துக்கு முன்புதான் அதே இடத்தில் நின்று கத்தியிருந்தேன். பின்வரிசையில் யாரோ, “ஸ்டோரு ஆரம்பிச்சிட்டாரு” என்றார்கள். சிரிப்பும் கேட்டது.

சம்பந்தியம்மாள் மட்டும் கிட்டே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனாலும், “ஆரத்தி எடுக்காம எந்திரிக்கக் கூடாது சம்பந்தி. கண்ணு பட்ரும். ஒரு நிமிசம்லா” என்றார்.

பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் மகளின் தாடையைத் தொட்டு, “வலி இருக்காம்மா?” என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தாள். “அப்ப சூடுதான். எளநி வெட்டிக் குடுங்க” என்றார் அவர். எங்கள் ஆட்களுக்கு வலி இல்லை என்றால் நோய் இல்லை. டாக்டர் அத்தனை பொறுமையாகச் சொன்னதைக் கேட்டவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரில் என்னைத் தவிர யாருக்கும் அது அப்போது நினைவு வரவில்லை.

ஆரத்தித் தட்டு வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர். மூன்று சுற்று சுற்றினார்கள். சுற்றி முடித்தபோது, நாற்காலிக்குக் கீழே வெள்ளைத் தரையில் சிவப்பாகக் கோடு ஓடியது. “யாரு ஆரத்தித் தண்ணிய சிந்துனது? வழுக்கும், தொடைங்க” என்றாள் என் மனைவியின் தங்கை. ஒரு பெண் துணியோடு குனிந்தும்விட்டாள். துணியை வைத்தவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு மகளின் பாதத்தைப் பார்த்தாள்.

தட்டில் இருந்த தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மருமகன் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினார். மண்டபத்து வாசலில் அவர் காருக்கு முன்னால் சமையல் லாரி நின்றிருந்தது. டிரைவர் ஐஸ் வாங்கப் போயிருந்தார். லாரியை அங்கே நிறுத்தாதே என்று முந்தின நாள் நான் சொன்னது இதற்காக அல்ல. எல்லாவற்றையும் சொல்வது போல அதையும் சொல்லி வைத்தேன், அவ்வளவுதான். மருமகன் லாரியின் கதவைக் கையால் குத்தினார். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டே சாலைவரை நடந்தார்; வெளியே நிறுத்தியிருந்த ஒரு சொந்தக்காரர் காரில் ஏற்றினோம்.

மலாக்காவுக்குப் போகும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். வலிக்கவில்லை, வலிக்கவில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். பாதி வழியில் குரல் குழறியது. உதடு வெளுத்தது. சம்பந்தியம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்து சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அவசரப் பிரிவில் நர்சுகள், எங்கள் பேச்சில் மிஸிகள், சூழ்ந்துகொண்டார்கள். நரம்பு கிடைக்க வேண்டும், இரண்டு கையிலும் ஊசி ஏற்ற வேண்டும். இரண்டு கையிலும் முழங்கையை நெருங்கும்வரை வளையல். ஒரு மலாய்க்கார மிஸி கழற்றிப் பார்த்தார். வீங்கிய கையில் ஒன்றும் நகரவில்லை. உடைத்துவிடவா என்று எங்களைக் கேட்டார்.

“வேணாம்” என்று சம்பந்தியம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “புள்ள பொறக்குறவரைக்கும் கழட்டவே கூடாது. ஒடைக்கச் சொல்றாங்களே. புருசன் உசுரோட நிக்கிறான், பொண்டாட்டி வளையல ஒடைக்கிறதா?”

அவருக்கு அது தன் மகனின் உயிர். எனக்கு அது புரிந்தது. மருமகன் தன் அம்மாவையும் மிஸியையும் மாறி மாறிப் பார்த்தார். சோப்புத் தண்ணீர் கேட்கலாமா என்றாள் என் மனைவி.

நான் மிஸியைப் பார்த்து உடையுங்கள் என்றேன். கத்தவில்லை. சத்தமே இல்லாமல்தான் சொன்னேன். அவர் ஒரு துண்டை மகளின் கையைச் சுற்றிப் போட்டு, அதன் மேல் கையை வைத்து அழுத்தினார். அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. பெரிய சத்தம் இல்லை. அப்பளம் நொறுங்குவது போல.

ஆபரேஷன் நடுவில் டாக்டர் வெளியே வந்தார். பெண் குழந்தை, எடைக்குறைவு, தனிப் பிரிவுக்குக் கொண்டுபோகிறார்கள். ஊரி கர்ப்பப்பையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரிக்க முடியவில்லை, இரத்தம் நிற்கவில்லை, கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்றார். சம்பந்தியம்மாள் கைகூப்பித் தனக்குத் தெரிந்த மலாயில், ஒரு குழந்தையோடு நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சினார். டாக்டர், “அடுத்த குழந்தையைப் பற்றி நான் கேட்கவில்லை அம்மா, உங்கள் மருமகளைப் பற்றிக் கேட்கிறேன்” என்றார். மருமகன் கையெழுத்துப் போட்டார். ஒரே நாளில் இரண்டாவது கையெழுத்து.

மகள் பிழைத்தாள். பதின்மூன்று பை இரத்தம் ஏற்றினார்கள் என்று பிறகு மிஸியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதில் ஒரு பைகூட வளைகாப்புக்கு வந்தவர்கள் கொடுத்தது அல்ல. யாரோ, எப்போதோ கொடுத்து வைத்தது. குழந்தையும் பல வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வார்டிலேயே இருந்திருந்தால் கர்ப்பப்பை தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. “ஒருவேளை அப்போதும் எடுக்க வேண்டியிருந்திருக்கலாம். அது தெரியாது. ஆனால் இப்படிச் சாகும் நிலைக்கு வந்து எடுத்திருக்க மாட்டோம்” என்றார். அந்தக் கணக்கு இன்னும் எனக்கு நேராகவில்லை. இனிமேலும் நேராகாது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

குழந்தைக்குப் பெயர் வைத்த அன்றே சொந்தக்காரர்கள் மத்தியில் ஒரு கதை நடமாடியது. வளைகாப்புப் போட்டதால்தான் தாயும் பிள்ளையும் உயிர் தப்பினார்கள். வளையலை உடைத்ததால்தான் கர்ப்பப்பை போனது. உடைக்கச் சொன்னவர் ஸ்டோரு. ஆஸ்பத்திரியை விட்டு அழைத்து வந்தவர்கள் காப்பாற்றியவர்கள் ஆனார்கள். வேண்டாம் என்றவன் கெடுத்தவன் ஆனேன். என் மனைவியும் ஒரு நாள், “கொஞ்சம் பொறுத்திருந்தா சோப்புப் போட்டுக் கழட்டியிருக்கலாங்க” என்றாள். நீ நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய், முதலில் நான் வேண்டாம் என்று சொன்னேனா இல்லையா என்று கேட்டேன்.

“எப்பச் சொன்னீங்க?” என்றாள்.

பொய் சொல்லவில்லை அவள். நிஜமாகவே அவளுக்கு நினைவில்லை. நாற்காலி பத்தாது என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. இலை கிழிந்திருக்கிறது என்றது நினைவிருக்கிறது. நடுவில் சொன்னது அவள் காதில் விழவே இல்லை.

“அவ்ளோ பெரிய விசயம்னா நீங்க அழுத்திச் சொல்லியிருக்கணும்ல?” என்றாள் அப்புறம்.

எப்படி அழுத்துவது? என்னிடம் இருந்தது ஒரு குரல்தான். அதைக் கேஸ் தோங்குக்கும் மின்விசிறிக்குமாக முப்பது நாற்பது வருடம் செலவழித்திருந்தேன்.

போன வருடம் மருமகனின் தங்கைக்கு வளைகாப்பு. அதே மண்டபம். அந்தப் பெண்ணுக்கு ஊரி மேலே இருக்கிறது, எந்தக் குறையும் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனேன். உள்ளே நுழைந்ததும் சம்பந்தியம்மாள் சிரித்த முகத்தோடு வரவேற்று, “சம்பந்தி, இன்னைக்கி வளையல் பக்கம் மட்டும் வந்துராதீங்கலா” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாற்காலி அன்றைக்கும் பத்தவில்லை. மூன்று மின்விசிறி ஓடவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டேன். சமையல் லாரி வந்தது, தள்ளி நிறுத்தச் சொன்னேன். கார்கள் வந்தன, கையை நீட்டி வழியை விட்டு நிறுத்த வைத்தேன். “ஸ்டோருக்கு இப்ப கேட்டுல காவல் நிக்கிற ஜாகா வேலையா?” என்று ஒருவர் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் என் மகள் வெளியே வந்தாள். அவளை வளையல் போடக் கூப்பிட்டார்களா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. குழந்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கொடுத்த சின்னக் கண்ணாடி வளையலை ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“சாப்பிட வாங்கப்பா.”

“வழியில வண்டிய நிறுத்திருவாங்கம்மா.”

அவள் போகவில்லை. என் பக்கத்தில் வெயிலில் நின்றாள். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அன்னைக்கி ஆஸ்பத்திரியில எனக்கு யாரு பேசுறதும் கேக்கலப்பா. நீங்க ஒடைங்கன்னு சொன்னது மட்டும் கேட்டுச்சி.”

பந்தி முடியும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.

நான் இப்போது அமைதியாகிவிட்டேன், வயது வந்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். இன்றைக்கும் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன். அந்தச் சனிக்கிழமை அந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மற்ற ஐந்தையும் விழுங்கியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்களா என்பதற்கு மட்டும், எத்தனை முறை எண்ணிப் பார்த்தும் எனக்கு விடை வருவதில்லை.